அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய என் கார் சமீபத்தில் பாதுகாப்புச் சோதனையில் ஃபெயில் ஆனது. 2004 மாடல். கையில் கொடுத்த தாளில் நாலு குறை எழுதியிருந்தது. முன் சக்கரங்களில் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை. பின்பக்க பிரேக் பைப்பில் துரு. இடது முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் உருண்டை மூட்டில், அதாவது பால் ஜாயின்ட்டில், ஆட்டம். வலது ஹெட்லைட் மேலே அடிக்கிறது.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "வித்துத் தொலைச்சுட்டு வேற வாங்குப்பா" என்றார் ஒருவர். "புது பிரேக் பேட் போட்டுக் காட்டிட்டு வந்துடு, பாஸ் பண்ணிடுவாங்க" என்றார் இன்னொருவர். "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார் மூன்றாமவர். அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது என் மகள். பிரேக் பிடிக்காத வண்டிக்குப் பிடிக்கிறது என்று தாள் வாங்கி நான் யாரை ஏமாற்றப் போகிறேன்?

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. சோதனைத் தாள் நமக்கு எதிரி இல்லை. ஆனால் அது சொல்வது விளைவை மட்டும்தான். காரணத்தை நாம்தான் வண்டியைத் திறந்து கண்டுபிடிக்க வேண்டும். விளைவை மறைத்தால் பாஸ் ஆகிவிடலாம். காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் விசையை அளக்கும் ரோலர் மேல் ஏற்றிப் பார்த்ததில் வலது முன் சக்கரம் 2.6 கிலோநியூட்டன், இடது 1.7. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். அவசரத்துக்கு ஓங்கி மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கும். ஈரச் சாலையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, "சமமில்லை" என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை காரணம் இருக்கலாம் தெரியுமா? சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்து உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம். காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின் இறுகி மாட்டியிருக்கலாம். எது என்று பார்க்காமல் பேடை மட்டும் மாற்றுவது, காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

சக்கரத்தைக் கழற்றுமுன் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சீல் விட்டால் போதும், வண்டி இறங்கிவிடும். கெட்டியான சமதளம் வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் காட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்க வைத்துவிடுவேன். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. செங்கல் விரிசல் விட்டுச் சொல்லிவிட்டு உடையாது, ஒரே நொடியில் பொடிந்துவிடும். ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையைத் தொடாதீர்கள்.

இடது பக்கம் காலிப்பரைத் தூக்கியதும் விஷயம் புரிந்தது. உள்பக்க பேட் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்து கிடந்தது. வெளிப்பக்க பேட் 7 மில்லிமீட்டர் இருந்தது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேடைத் தள்ளும்போது, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளி பேடையும் டிஸ்க்கில் அழுத்த வேண்டும். பின் மாட்டிக்கொண்டால் காலிப்பர் நகராது. ஒரு பேட் பாடுபடும், இன்னொன்று சும்மா இருக்கும்.

மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ் பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை ஒரு நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அதன் வழியே வருஷக்கணக்கில் தண்ணீர் புகுந்து, கிரீஸைக் கழுவி, பின்னைத் துருவோடு ஒட்டவைத்துவிட்டது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் ஸ்பேனரால் அரைக்கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. சுத்தியலைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கிறீச் சத்தத்தோடு சுற்ற ஆரம்பித்தது. வெளியே வந்த பின்னில் அங்கங்கே குழி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மாட்டவில்லை. குழி விழுந்த இடத்தில் மறுபடியும் துரு பிடிக்கும். புதுப் பின், புது ரப்பர் உறை, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

பேட் மாற்றினேன், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. பழைய பிரேக் தூசியை ஊதவும் கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். பழைய பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் டப்பாவைத் திறந்தால் ஆயில் கறுத்துக் கிடந்தது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகைப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் கணக்கு. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று கையேடுகள் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

பழைய ஆயிலோடு உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன்.

"மிதிம்மா. மிதிச்சுப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்ப்பா."

காலிப்பரில் ஏர் எடுப்பதற்கென்றே இருக்கும் நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். ட்யூபில் கறுப்பு ஆயிலும் குமிழியும் வந்தது.

"அப்பா, பெடல் கீழ போகுது!"

"போகட்டும், காலை எடுத்துடாதே." நிப்பிளை மூடினேன். "இப்ப விடு."

மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும், அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு கட்டத்தில் ட்யூபில் வந்த ஆயில் வெளுத்தது, குமிழி நின்றது. நான் கேட்பதற்கு முன்பே, "அப்பா, இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றாள். தான் உட்கார்ந்து வரும் வண்டி எப்படி நிற்கிறது என்பதை அவள் காலாலேயே தெரிந்துகொண்டாள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஹெட்லைட் கதை சின்னது. உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் சோதனைக்குத் தயார். பின்னால் திறந்து பார்த்தால், பல்பின் மூன்று காதுகளில் ஒன்று பள்ளத்தில் உட்காரவே இல்லை. சில மாதம் முன்பு பல்பு மாற்றியது நான்தான். சரியாக உட்கார வைத்ததும் வெளிச்சம் தானாக இறங்கியது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பால் ஜாயின்ட்டை அது பொருந்தியிருக்கும் ஆர்மிலிருந்து எடுக்க பிரஸ் வேண்டும், என்னிடம் இல்லை. பிரேக் பைப்பின் முனையை இரட்டை மடிப்பாக விரிக்கக் கருவியும் வேண்டும், பழகிய கையும் வேண்டும். அந்த முனை சரியில்லாமல் போனால் ஆயில் கசியும். அந்த இரண்டு வேலைக்கும் வண்டியை ஓட்டிப் போகாமல், லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். பைப் மாற்றியபின் பின் சக்கரங்களுக்கும் அவர்களே ஏர் எடுத்தார்கள். கழற்றிய பால் ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கையிலேயே கடகடவென்று ஆடியது.

சோதனைக்குப் போகிற எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஃபெயில் என்றால் தாளை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். "எங்கே, காட்டுங்க" என்று கேளுங்கள். வண்டியை மேலே ஏற்றியிருக்கும்போதே அடியில் நின்று பாருங்கள். எண் இருந்தால் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். 1.7 என்ற எண் கையில் இருந்ததால்தான், எந்தச் சக்கரத்தில் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுசோதனையில் வலது 2.7, இடது 2.6. பாஸ். கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருந்தார்கள்: ஹேண்ட் பிரேக் இடது பக்கம் கொஞ்சம் குறைவு, கவனிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பின் டிரம்மைக் கழற்றப் போகிறோம். மகள் இப்போதே கையுறை எடுத்து வைத்துவிட்டாள்.