ஒரே சதவீதம் எல்லோருக்கும் பொருந்தாது

புற்றுநோயால் சிறுநீர்ப்பையை அகற்றியவர்களில் எத்தனை பேர் 5 ஆண்டு தாண்டி உயிர் வாழ்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு எண் கொடுத்திருக்கிறீர்கள். நோயாளி வீட்டில் படித்தால் பயந்துவிடுவார்கள். அகற்றிய பையைச் சோதித்து வரும் பயாப்சி ரிப்போர்ட்தான் முக்கியம்: கட்டி தசையோடு நின்றதா, வெளியே கொழுப்புக்குப் போனதா, நிணநீர் முடிச்சைத் தொட்டதா? தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 1,054 பேரைப் பற்றி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 5 ஆண்டு வரை நோய் திரும்பாதவர்கள் 68 சதவீதம், 10 ஆண்டில் 66. வித்தியாசம் எவ்வளவு சின்னது பாருங்கள்! திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள்தான். நிணநீர் முடிச்சில் பரவியிருந்தவர்களில் 5 ஆண்டு வரை நோய் திரும்பாதவர்கள் 35 சதவீதம். சரி, அதுவும் பூஜ்யம் இல்லையே. என் அப்பாவுக்கும் சிறுநீர்ப்பையை அகற்றி, சிறுநீர் சேர வயிற்றில் வெளிப்புறமாகப் பை வைத்து 7 வருடம் ஆகிறது. ஸ்கேனுக்கு அழைத்துப் போவதைவிட, சிகரெட்டை நிறுத்த வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.