கேமரா போடாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். நான் ஆன்லைனில் நடத்துகிற மருத்துவப் பதிவு வகுப்பின் படம்தான். போட்டவர் நேரில் வகுப்பெடுக்கிற ஓர் ஐயா. வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், மூலையில் நான் மட்டும் வாயைத் திறந்தபடி. மேலே ஐயாவின் வாசகம்: "நாளைய மருத்துவத் தரவு நிபுணர்கள் தூங்குகிறார்கள்." கீழே சிரிப்புப் பொம்மைகள். என்கூடப் படித்தவர்களும் சிரித்திருந்தார்கள், சந்தோஷம்.

கேமரா அணைந்திருந்தால் ஆள் இல்லை என்று யார் சொன்னது?

கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டுக்குள் ஐயா எட்டிப் பார்த்திருக்கிறாரா? ராத்திரி எட்டரைக்கு வகுப்பு. ஒரு பக்கம் சீரியல், ஒரு பக்கம் தம்பியின் பாடம், விடிகாலை காசிமேட்டுக்குப் போக வேண்டிய அப்பா அங்கேயே படுத்திருப்பார். அந்த வீட்டிலிருந்து என் வகுப்புக்கு வருகிற பெண் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவாள்? மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, சாட்டில் டைப் பண்ணுகிறாள்.

என்ன டைப் பண்ணினாள் தெரியுமா? அன்றைக்கு ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு விழுவதைப் பற்றிப் பாடம். ஆபா, அதாவது ஆளுக்கு ஒன்றாகத் தருகிற 14 இலக்க மருத்துவக் கணக்கு எண், வந்தால் குழப்பம் தீர்ந்தது என்பார்கள். பகலில் ஒரு கிளினிக்கில் பதிவு போடுகிற அவள் கேட்டாள்: "மிஸ், ஆபா இல்லாம வர்றவங்கதான் ஜாஸ்தி. கல்யாணத்துக்கு முன்னாடி ஆர். லட்சுமி, அப்புறம் கே. லட்சுமி. பிறந்த தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் ஜனவரி 1. அதே தெருவுல இன்னொரு கே. லட்சுமி, அவங்களுக்கும் ஜனவரி 1. யாரோட பிரஷர் யாருக்குப் போகும்?" போன் நம்பரை வைத்துப் பிரிக்கலாமே என்றான் ஒருவன். வீட்டுக்கே ஒரு நம்பர், அதுவும் புருஷன் நம்பர் என்றாள் இன்னொருத்தி. வகுப்பு முடியும் நேரம் தாண்டியும் ஒருவரும் வெளியே போகவில்லை. இதெல்லாம் அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள்ளேதான் நடந்தது.

"நோயாளியைத் தொடாமல் மருத்துவம் படிப்பதா?" என்று அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர். மருத்துவம் யார் சொல்லிக்கொடுத்தது? ஊசி போடவா கற்றுத்தருகிறோம்? சர்க்கரை நோய்க்கு ஐசிடி (உலகம் முழுக்கப் பொதுவான நோய்க் குறியீடு) என்ன, நோயாளியின் பதிவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது, இதுதான் பாடம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு வீட்டு வாசலிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த எண்கள் கம்ப்யூட்டருக்குள் சரியான ஆளின் பெயரில் போய் உட்கார வேண்டாமா? திரையில் செய்யப்போகிற வேலையைத் திரையில் கற்றால் என்ன குறை?

"2025-இல் யுஜிசியே நிறுத்திவிட்டதே" என்று ஒருவர். பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தியது மருத்துவம் சார்ந்த தொலைதூர, இணையவழிப் பட்டப்படிப்புகளை. நாங்கள் நடத்துவது வேலைக்குப் போகிறவர்களுக்கான சான்றிதழ் வகுப்பு. பட்டமா கொடுக்கிறோம்? அது வேறு விவாதம், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

லாகின் போட்டுவிட்டுச் சாம்பார் தாளிக்கப் போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஐயாவின் கடைசி பெஞ்சைப் படமெடுத்துப் போட்டால் தெரியும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். "வட சென்னையில நெட் எல்லாம் கிடைக்குதா மேடம்?" என்று ஒருவர் கேட்க, ஐயா அதற்கு இதயம் போட்டிருந்தார். அதுதான் வலித்தது. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஓபி சீட்டுக்கு நிற்கிறதே எங்கள் சனம், அவர்கள் உடம்பைப் பார்த்துத்தான் எத்தனை தலைமுறை டாக்டர்கள் தொழில் கற்றார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சனத்தின் பிள்ளைகள் அதே கேஸ் ஷீட்டைக் கையாளக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் மட்டும் வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? எங்கள் வியாதி வேண்டும், எங்கள் பிள்ளைகள் வேண்டாம்.

"அவ்வளவு சொல்கிறீர்களே, ஒருநாள் எல்லோரையும் கேமரா போடச் சொல்லுங்களேன்" என்று யாராவது வருவீர்கள். சொல்ல மாட்டேன். யாருக்கு நிரூபிக்க?

ஐயா யார் என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். பேரைச் சொல்லி, அவரிடம் நேரில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளை நான் ஏன் சங்கடப்படுத்த வேண்டும்?