மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கும் ஆறு வாரத்துக்கு யார் கூலி தருவது?

ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ எல்லாம் கைக்காசு இல்லாமல் முடியும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. நாலைந்து நாளில் டிஸ்சார்ஜ். சிக்கல் அதற்கப்புறம்தான். குறைந்தது ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. பிரேக்கை மிதிக்க முடியாதவர் வண்டி எடுக்க முடியாது. வண்டி டியூவும் வீட்டு வாடகையும் மட்டும் தேதி தவறாமல் வரும்.

சுயதொழில் செய்பவர்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கிறது. ஆனால் அரசுத் திட்டங்கள் எதற்குத் தருகின்றன என்று பாருங்கள். செத்தால் பணம் உண்டு, கையோ காலோ போனால் பணம் உண்டு, ஆஸ்பத்திரி பில்லுக்கும் உண்டு. குணமாகிற, ஆனால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு மட்டும் சல்லிக்காசு கிடையாது.

வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். முறிந்து கூடிய எலும்புக்கு அதில் இடமே இல்லை. (மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாததால் பாலிசி காலாவதியாகி, விபத்துக்குப் பிறகு தெரியவருவது தனிக் கொடுமை.) அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களிலும் இதே கதைதான். கல்வி, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, ஓய்வூதியம், விபத்து மரணம் என்று உதவிகள் வரிசையாக இருக்கும். காய்ச்சலில் படுத்தவரின் நாள்கூலி அந்த வரிசையில் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டில் பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பவரைப் பாருங்கள். சம்பளம் 15,000. இஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் தெருவில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தாலும், முதல் இரண்டு நாளைக் கழித்துவிட்டு, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. ஆறு வாரத்துக்குச் சுமார் 14,000 ரூபாய். வேலையிடத்து விபத்து என்றால் 90 சதவீதம். இத்தனையும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு. இரண்டு மெஷின் போட்டுத் தைக்கும் டெய்லருக்கும் இல்லை, அவரிடம் காஜா எடுக்கும் பையனுக்கும் இல்லை.

தனியார் பாலிசி எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், விவரம் தெரிந்து எடுக்க வேண்டும். 'ஹாஸ்பிட்டல் கேஷ்' என்று விற்பது அட்மிட் ஆகியிருக்கும் நாட்களுக்கு மட்டும். பலவற்றில் முதல் நாள் கணக்கில் வராது. தினம் 1,000 ரூபாய் பாலிசி வைத்திருக்கும் நம் ஆட்டோக்காரருக்குக் கிடைப்பது மூன்று நாலாயிரம். வீட்டில் கிடக்கும் ஆறு வாரத்துக்கு உதவுவது தனிநபர் விபத்துப் பாலிசியில் இருக்கும் 'தற்காலிக முழு இயலாமை' என்கிற பிரிவு. எல்லா நிறுவனங்களும் விற்கும் 'சரல் சுரக்ஷா பீமா'வில் இது தானாக வராது, கூடுதலாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் 2,000 ரூபாய். ஆனால் இது விபத்துக்கு மட்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, டிபிக்குக் கிடையாது.

கிளெய்ம் சிக்குவது பெரும்பாலும் சான்றிதழில்தான். 'ஓய்வு தேவை' என்று மொட்டையாக எழுதிய சீட்டு போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்ய இயலாது, என்ன காரணம், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது தகுதிச் சான்று தனி. டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பின்தேதி போட்டு எந்த டாக்டரும் தர மாட்டார், தரவும் கூடாது.

என் கருத்து இதுதான்: நல வாரிய உறுப்பினர்களுக்கு இஎஸ்ஐயின் நோய்க்காலப் பணத்தைத் திறந்துவிட வேண்டும். நிரூபிக்க முடியாத வருமானத்தைக் கேட்டு அலைக்கழிக்காமல், எல்லோருக்கும் மாதம் 12,000 என்று ஒரே கணக்கு வைக்கலாம். இஎஸ்ஐ போலவே இரண்டு பங்கும் சேர்த்து 4 சதவீதம் என்றால் 480 ரூபாய். அதில் தொழிலாளி 90, மீதி 390. நோய்வாய்ப்பட்டால் அதே 70 சதவீதக் கணக்கில் நாளுக்கு 280. அந்த 390-ஐ யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1 சதவீத செஸ் (தனி வரி) இருக்கிறது. ஆப் வழி ஓட்டுபவர்களுக்கு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. டெய்லருக்கும் ஸ்டாண்ட் ஆட்டோவுக்கும் அரசுதான் போட வேண்டும்.

"நடிப்பார்கள், யார் செக் பண்ணுவது?" என்ற கேள்வி நியாயமானது. பெல்ஜியத்தில் சுயதொழில் செய்பவர் ஏழு நாளுக்கு மேல் முடியாமல் கிடந்தால்தான் பணம், ஆனால் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தருகிறார்கள். சின்னச் சளிக்கு யாரும் வர மாட்டார்கள். சான்று கொடுக்க இஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நோய் வந்த பிறகு ஓடிவந்து சேர்பவர்களைத் தடுக்க, ஆறு மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி போதும். அந்தச் சந்தாவையும் மாதாமாதம் கேட்டால் நிச்சயம் அறுந்துபோகும். இஎஸ்ஐயின் சந்தாக் காலமே ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று இரண்டுதான். வருடத்தில் இரண்டு தவணை, தலா 540 ரூபாய் என்று வாங்கினால் முடிந்தது.

வேலை இழப்புக்குப் பணம் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் என்பதில் கூலி இழப்பும் ஒரு காரணம்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன் 45ஆம் பிரிவு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ வழியாகத் திட்டம் கொண்டுவர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 'கொண்டுவரலாம்' என்பதுதான் சட்டத்தின் வாசகம், 'கொண்டுவர வேண்டும்' அல்ல. அப்படி ஒரு வரைவு வெளியானால், தொழிற்சங்கங்கள் முதலில் தேட வேண்டியது மருத்துவ உதவி என்ற வார்த்தையை அல்ல, நோய்க்காலப் பணம் எத்தனை நாளைக்கு, நாளுக்கு எவ்வளவு என்ற வரியை. அது இல்லையென்றால், ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.