அது கேரி கூப்பர் நாயகனாக நடித்த படம் அல்ல

'தி வின்னிங் ஆஃப் பார்பரா வொர்த்' (1926) ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரின் முதல் படம், அதில் அவர்தான் நாயகன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அதற்கு முன்பே சில மௌனப் படங்களில் கூட்டத்தில் ஒருவராகக் குதிரை ஓட்டியிருக்கிறார். கவனிக்கும்படியான வேடம் முதலில் கிடைத்தது இதில்தான், அதுவும் வேறொரு நடிகர் வர முடியாமல் போனதால்.

நாயகன் ரொனால்ட் கோல்மன், கிழக்கிலிருந்து வரும் பொறியாளர். நாயகி பார்பராவாக நடித்தவர் வில்மா பாங்கி. கூப்பர் நடித்த ஏப் லீ, பார்பராவை விரும்பியும் அடைய முடியாதவன். ஆனால் பாலைவனத்தைக் கடந்து வந்து களைத்து விழும் காட்சியில் கூப்பர் மட்டும்தான் கண்ணில் நிற்கிறார், அதனால் அவரையே நாயகனாக நினைத்துக்கொள்வது புரிகிறது!

அப்புறம், படத்தில் வரும் வெள்ளம் வெறும் கற்பனை என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1905இல் கொலராடோ ஆறு, பாலைவனத்துக்குப் பாசன நீர் கொண்டுபோன கால்வாயை உடைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கலிபோர்னியாவின் பள்ளத்தில் பாய்ந்தது. இன்றைய சால்டன் ஏரி அப்படி உருவானதுதான். படத்தின் மூல நாவலுக்குப் பின்னணியும் அந்தப் பாலைவனப் பாசன முயற்சிதான். படத்தை எடுத்தது மட்டும் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில்.