படுதாவுக்கு முன்னால் ஒரு டான்ஸ்

போன ஜனவரியில் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, தலைக்குந்தா பைன் ஃபாரஸ்ட்ல ஆல்பம் சாங் ஷூட்டிங். நான் குரூப்ல இருக்கேன். ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க, இங்க கொடுத்திருக்கிற காஸ்ட்யூம்ல கையே இல்ல." ஊட்டிக்குப் பக்கத்தில், உறைபனி விழுகிற இடம் அது. சரி என்று குன்னூரிலிருந்து ஸ்வெட்டரும் பிளாஸ்க்கில் டீயுமாகப் போய் நின்றேன். அன்றிலிருந்து எந்த டான்ஸ் வீடியோவையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் இதை எழுதியே ஆக வேண்டும், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்த முதல் வேலை என்ன தெரியுமா? இரண்டு பையன்கள் துடைப்பத்தை எடுத்துப் பைன் ஊசிகளைக் கூட்ட ஆரம்பித்தார்கள். காய்ந்த பைன் ஊசி மேல் காலை வைத்தால் எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும், அதுவும் கீழே இருக்கிற அணைப் பக்கம் சரிந்து இறங்குகிற நிலம். ஒரு வீட்டு வாசல் அளவுக்குச் சதுரமாகப் பெருக்கி, சரிவுப் பக்கம் மண் மூட்டை வைத்துப் பலகை அடித்து மட்டம் செய்தார்கள். ஆக, மலைக்கு வந்து முதல் காரியமாக மலையைச் சமதரை ஆக்கினார்கள். டான்ஸ் மாஸ்டர் மேலே தவறில்லை, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எகிறிக் குதித்து ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்றால் சரிவில் முடியாது.

அப்புறம் பாட்டைப் போட்டார்கள். எலி கத்துகிற மாதிரி கீச்சென்று ஓடியது. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. கேமராவில் நொடிக்கு 48 ஃப்ரேம் எடுத்து, திரையில் நொடிக்கு 24 ஆக ஓட்டுவார்கள், அதனால் அசைவின் வேகம் பாதியாகக் குறையும். உதடு மட்டும் பாட்டோடு சரியாகச் சேர வேண்டும் அல்லவா, அதற்காகப் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்தில் வாயசைக்கச் சொல்கிறார்கள். திரையில் பாட்டின் நாயகி தலைமுடி மிதக்க, கனவில் நடப்பது போல நிதானமாகப் பாடிக்கொண்டு வருவாள். நேரில் அவள் பல் வலிக்காரி மாதிரி படபடவென்று வாயை அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சத்தியமாகச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்த மாதிரி வீடியோக்களுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, கவனித்தால் எல்லாவற்றிலும் அதேதான். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி, எட்டு எண்ணுவதற்குள் நாலு நொடி போய்விடும். வெட்டு பெரும்பாலும் அந்த நாலாவது எண்ணிலோ எட்டாவது எண்ணிலோதான் விழும், அதாவது பெரும்பாலும் எந்தக் காட்சியும் நாலு நொடிக்கு மேல் நம் கண்ணில் நிற்காது. சரணத்தில் முகம், பல்லவி வந்தால் தலை முதல் கால் வரை. பாடுகிறவர் முக்கோணத்தின் நுனியில், பின்னால் இருப்பவர்கள் முன் வரிசையின் இடைவெளிகளில் ("கேப்ல நில்லு, கேப்ல நில்லு" என்று உதவி மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார்). கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கும், அகலமான லென்ஸ், அப்போதுதான் கால் நீளமாகத் தெரியும். நடுவில் இருப்பவருக்குச் சிவப்பு அல்லது மஞ்சள், குரூப்புக்குச் சாம்பல். பச்சைப் பின்னணியில் சிவப்பு பளிச்சென்று எடுபடும், நம் ஊர் தேயிலைக் காட்டில் எத்தனை சிவப்புப் புடவை பறந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உடை மாறுவதற்குக் கதையில் காரணமே தேவையில்லை, எத்தனை உடை என்பது தயாரிப்பாளரின் பை எவ்வளவு கனம் என்பதைச் சொல்லிவிடும்.

இதெல்லாம் எனக்குக் குறையாகப் படவில்லை. நானும் பார்த்து ரசிக்கிறவன்தான், வேலை நடுவில் எனக்கே தோள் ஆடும். எனக்கு உறுத்தியது வேறு. பதினோரு மணி வாக்கில் நிஜமான மூடுபனி இறங்கியது. அணைப் பக்கமிருந்து மரம் மரமாக அழித்துக்கொண்டு ஏறி வந்தது, பார்க்கவே அப்படி ஒரு அழகு. உடனே "கட், கட்" என்று எல்லோரும் தார்பாலினுக்குள் போய்விட்டார்கள். பின் வரிசை தெரியவில்லையாம், முன்னால் எடுத்த ஷாட்டோடு பொருந்தாதாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பனி விலகி வெயில் வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? புகை மெஷினை ஆன் செய்தார்கள். நான் டீ டம்ளரோடு அப்படியே நின்றேன்.

பழைய போட்டோ ஸ்டூடியோவில் அருவியும் மாடிப்படியும் வரைந்த படுதா தொங்குமே, நாடக மேடையில் அரண்மனைப் படுதா இறங்குமே, அதே சங்கதிதான் இது. மட்டமான மேடை ஒன்று, அதற்கு ஒரு முன்பக்கம், பின்னால் படுதா. பாப் வீடியோதான் எல்லாவற்றிலும் புதுசு என்று நினைக்கிறோம், அதன் எலும்புக்கூடு நம் கொட்டகை நாடகம். ஊட்டி-கூடலூர் சாலையில் இருக்கிற ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மேடு ஏன் அத்தனை பாட்டில் வருகிறது? அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், அங்கே புல்வெளி, வண்டி பக்கத்தில் நிறுத்தலாம், நாற்பது பேர் ஆட இடம் இருக்கிறது.

படுதாவாக மாற ஒத்துக்கொள்ளாத இடம் இதே மலையில் ஒரு தடவை மாட்டியிருக்கிறது. 1998ல் வந்த 'தில் சே' படத்தின் ரயில் பாட்டு, தமிழில் 'உயிரே' படத்தில் 'தையா தையா'. மணிரத்னம் படம், சந்தோஷ் சிவன் கேமரா, ஃபரா கான் நடனம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் மேடை என்பது நம் மலை ரயில் பெட்டியின் கூரை. மீட்டர் கேஜ் பெட்டி (தண்டவாள இடைவெளியே ஒரு மீட்டர்தான்), அகலம் கொஞ்சம், நடுவில் வளைவு வேறு. அங்கே எங்கே முக்கோணம் கட்டுவது? ஆட்டக்காரர்கள் ரயிலின் நீளத்துக்குத்தான் பரவ முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 208 வளைவு இருக்கிற பாதை, பெட்டி வளையும்போது ஆடுகிற வரிசையும் சேர்ந்து வளைகிறது. எந்த டான்ஸ் மாஸ்டரும் போட்டுத் தராத ஸ்டெப் அது, தண்டவாளம் போட்டது. முடி பறக்க ஃபேன் வேண்டாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பறக்கிறது. அந்தப் பாட்டிலும் தட்டுக்கு வெட்டு உண்டு, குரூப் உண்டு, நடுவில் நிற்கும் நட்சத்திரம் உண்டு, ஒரு விதியையும் அவர்கள் தூக்கிப் போடவில்லை. தரை மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் தாண்டியும் பழசாகத் தெரியாததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் வரலாம்.

இன்னொன்று. இந்த மலையில் வாழும் படுகர்களின் ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? கோத்தகிரிப் பக்கம் நண்பன் ஒருவனின் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நான் பார்த்தேன். வெள்ளை உடுத்தி வட்டமாக நிற்பார்கள், இரண்டடி முன்னே, ஒரு திரும்பல், மறுபடி. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே அடிதான். தாமதமாக வந்தவன் இரண்டு பேர் நடுவில் புகுந்துகொள்வான், வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். அதற்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. போனில் படம் எடுக்க முயன்று எனக்குக் கிடைத்ததெல்லாம் முதுகுகள். இப்போது யூடியூபில் வருகிற சில படுகப் பாட்டு வீடியோக்களில் டிரோனை உச்சியில் நிறுத்திவிடுகிறார்கள், பார்த்ததும் அட என்று இருந்தது, அந்த வட்டத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இருந்தால் அது மேலேதான். ஆனால் நாலு நொடியில் வெட்டு விழுந்து, கீழே இருவர் தனியாக முக்கோண நுனியில் நின்று வாயசைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பழக்கம் விடவில்லை.

போன் வந்த பிறகு தரையும் போய்விட்டது. நெட்டுக்குத்தான திரையில் எட்டுப் பேர் பக்கவாட்டில் அடங்க மாட்டார்கள், அதனால் ஹூக் ஸ்டெப், அதாவது எல்லோரும் திரும்ப ஆடிப் பார்க்கிற அந்த அடையாள ஸ்டெப், இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது, தோள், மணிக்கட்டு, கன்னத்தில் ஒரு தட்டு. தலைக்குந்தாவிலும் முழுப் பாட்டு எடுத்து முடித்ததும், ரீல்ஸுக்கு என்று அதே பாட்டில் பதினைந்து நொடியைக் கேமராவைச் சாய்த்து வைத்துத் தனியாக எடுத்தார்கள். அதில் என் அக்கா மகள் இல்லை. அகலம் பத்தவில்லை.

பாட்டு மார்ச்சில் வந்தது. லிங்க் அனுப்பி, "என்னைக் கண்டுபிடிச்சீங்களா மாமா?" என்றாள். மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது பல்லவியில், இடது ஓரம், ஒரு முழங்கையும் கொஞ்சம் பின்னலும். அவள்தான், பின்னலை நான் அடையாளம் கண்டுவிடுவேன். பின்னால் புகை, அதற்குப் பின்னால் ஏதோ மரங்கள். கமெண்டில் ஒருவர் இது எந்த நாடு என்று கேட்டிருந்தார்.

அடுத்த வாரம் கூடலூர் போகிற வழியில் வண்டியை நிறுத்திப் போய்ப் பார்த்தேன். பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெருக்கின சதுரத்தில் ஊசி அரைகுறையாகத்தான் விழுந்து மூடியிருந்தது. திருப்பூர் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் அதற்குள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "இங்க மட்டும்தான்ணா வழுக்கல" என்றார் அந்த அம்மா.