செம்மணி வீதியும் சோனகர் தெருவும்

அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் டாரில் டேவிஸ், கறுப்பினத்தவரை வெறுக்கும் வெள்ளையின அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் உறுப்பினர்களுடன் உட்கார்ந்து பேசியே சிலரை அவ்வமைப்பிலிருந்து விலகச் செய்தது பற்றிய ஒரு கட்டுரையை இருமுறை வாசித்தேன். 1983இல் மேரிலாந்து மதுச்சாலை ஒன்றில் அவருடைய பியானோவைக் கேட்ட ஒருவரோடு அது தொடங்கியதாம். (நம் இலங்கையில் அந்த ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த இனக்கலவரத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை.) எனக்கு ஒரு மனக்குறை உண்டு: அங்கே பேசவேண்டிய சுமையும் இழிவுபடுத்தப்பட்டவரின் தோளிலேயே ஏறியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் தமிழராகிய நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாகவே நம்மை எண்ணிக்கொள்கிறோம். மீளக்குடியேறிய முஸ்லிம்கள் காணி விற்கத்தான் வந்தார்கள் என்ற பேச்சை நானும் நம்பியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகர் தெருவின் தையற்காரர் ஒருவர் என் காற்சட்டையின் நீளத்தைக் குறைத்தபடியே, 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறச் சொன்னபோது, தன் தாய் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை இறக்கி மூடிவைத்துவிட்டுப் புறப்பட்டதைச் சொன்னார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வீதியில் மழைக்குள் என் தாயைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றதை நான் சொன்னேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "அதே திகதியோ?" என்றார். பிறகு, அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடிந்ததா என்று விசாரித்தார். பல ஆண்டுகளாக அவரிடம் துணி கொடுத்துவந்த நான், வெளியேற்றப்பட்டபின் அவருடைய தாய் புத்தளத்தில் எப்படி வாழ்ந்தார் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.