கேரளத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவரே இல்லையா?

"கேரளத்தில் 1991-லேயே எல்லோரும் படித்துவிட்டார்கள், முதியோர் வகுப்பே அங்கே கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் 'முழு எழுத்தறிவு மாநிலம்' என்று அறிவித்தது உண்மைதான். அறிவித்தவரும் அப்போதுதான் எழுத்துக் கற்றிருந்த மலப்புறத்துப் பெண், சேலக்கோடன் ஆயிஷா. நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. ஆனால் 90 சதவீதத்தைத் தொட்டாலே 'முழு' என்பதுதான் அன்றைய அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 94 சதவீதம்தான்.

விடுபட்டவர்களுக்கு வகுப்புகள் தொடர்ந்தன. பள்ளிக்கூடமே போகாத ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா, கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர். 2018-ல், 96 வயதில், மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் இவரையும் சேர்த்து அனுப்புங்கள்.